எந்தப் புதுக்குளம்

வண்ணாரப்பேட்டை பைபாஸ் ஓரத்துப் பார்சல் கூடத்தில்
ராத்திரி ஒன்பதிலிருந்து விடியும்வரை
ஊர்களைப் பிரித்துப் போடுவது என் வேலை.

கடல் இல்லாத சமுத்திரங்கள் மேற்கு வண்டிக்கு:
அம்பாசமுத்திரம், ரவணசமுத்திரம்.
பிசானப் பயிர் வளர்ந்து நிற்கையில் காற்றடித்தால்
அலை என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.
கங்கை எட்டிப் பார்க்காத கங்கைகொண்டான் வடக்கே.
காசிக்குப் போக வண்டிக்கூலி இல்லாதவர்களுக்காக
யாரோ கட்டி வைத்த மாதிரி ஒரு தென்காசி.
மேல என்று ஓர் ஊர் தொடங்கினால்
கீழ ஒன்று எங்கேயோ முறைத்துக்கொண்டிருக்கும்.
குளம் என்று முடிகிற ஊர்களுக்குத் தனிச் சாக்கு.
சாக்கு நிரம்பிவிடும்,
குளங்கள் நிரம்பாத வருஷத்திலும்.
வெறுமனே புதூர் என்று எழுதி அனுப்புகிறவர்களை
நான் மன்னிப்பதில்லை.
பாட்டன் பூட்டன் காலத்திலும் அது புதூர்.
பழசாக ஒப்புக்கொள்ளாத ஊர்.

ஐப்பசி மழையில் நனைந்த பெட்டி ஒன்று வந்தது.
அனுப்பிய இடம் சேலம்.
ராஜாசிங் மோந்து பார்த்துவிட்டு
'மாம்பழம் இல்ல, சோப்பு' என்றான்.
கீழே சின்ன எழுத்தில் ஆரிகான், அமெரிக்கா.

டீ நேரத்தில் போனில் தேடினோம்.
அங்கே சேலம் ஒன்றோடு நிற்கவில்லை.
எண்ண ஆரம்பித்து, டீ ஆறியதும் விட்டுவிட்டோம்.
ஆரிகானிலேயே ஒரு மெட்ராஸும் இருக்கிறது,
சேலத்திலிருந்து மலையைத் தாண்டினால் போய்விடலாம்.
துணிச் சுருள் ஒன்றில் இருந்த பெயரைப் பார்த்து வைத்ததாக
ஒரு கதை. நம்பலாம்.
இதைவிடச் சின்னக் காரணத்துக்கு நம்மிடம் ஊர்கள் உண்டு.
ஸ்பிரிங்ஃபீல்டு, போகிற இடமெல்லாம் கிடக்கிறது.
தமிழில் சொன்னால் ஊத்துவயல்,
நம்ம ஊத்துமலைக்குத் தங்கச்சி முறை.

ராஜாசிங்குக்குச் சொந்த ஊர் நாசரேத்.
பென்சில்வேனியாவிலும் நாசரேத் உண்டு,
பக்கத்திலேயே பெத்லகேமும் உண்டு என்று காட்டினேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
'எங்களுக்குப் பக்கத்துல மூக்குப்பீறி இருக்கே,
அது அங்க உண்டுமான்னு பாரு.'
இல்லை.
அவன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

பெட்டியில் இருந்த விலாசம்:
சொர்ணத்தாய், புதுக்குளம், திருநெல்வேலி.
பின்கோடில் ஆறு இரண்டு ஏழு மட்டும் மிச்சம்,
மற்றதை மழை வாங்கிக்கொண்டது.
எனக்குத் தெரிந்தே மூன்று புதுக்குளம்.
காலையில் ஒவ்வொரு லைன் பையனாகப் பிடித்து
நம்பர் வாங்கிப் பேசினேன்.

நாங்குநேரிப் பக்கத்துப் புதுக்குளத்தில்
சொர்ணத்தாயே எடுத்தார்.
'அமெரிக்காவுல யாரும் இல்லியே. மவன் திருப்பூர்ல இருக்கான்.
அவன் அங்க போயிருப்பானோ?'
மானூர்ப் பக்கத்தில்
சொர்ணத்தாய் இறந்து மாசி வந்தால் ஒரு வருஷம்.
ராதாபுரம் பக்கத்தில் ஒருவர் சிரித்தார்:
'எந்தச் சொர்ணத்தாய்? இங்க நாலு பேரு கெடக்கோம்.
மேலத்தெரு சொர்ணமா, கீழத்தெரு சொர்ணமா,
டீச்சர் சொர்ணமா, நானா?'

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ஆறாம் வகுப்பில் நான் முப்பிடாதி பி.
முன்னால் ஏ, பின்னால் எஸ்.
பதிவேட்டில் ஒருத்தியைக் கூப்பிட்டால்
மூன்று 'உள்ளேன்'.
எஸ் இப்போது எங்கே இருக்கிறாளோ.
அவளுக்கு வரவேண்டியது எதுவும்
இதுவரை தவறி எனக்கு வந்ததில்லை.

டீச்சர் சொர்ணத்தின் மகள்தான் சேலத்தில் நர்ஸ்.
பெட்டியின் மேல் மார்க்கரால்
'ராதாபுரம் வழி, டீச்சர்' என்று எழுதித்
தெற்கு வண்டியில் ஏற்றினேன்.

மறுநாள் நாங்குநேரிச் சொர்ணத்தாய் திரும்பக் கூப்பிட்டார்.
'அது எங்களுக்கு இல்லன்னு நல்லாத் தெரிஞ்சிட்டுதாம்மா?'
தெரிந்துவிட்டது என்றேன்.
போனை வைக்கவில்லை.
'அந்தப் புதுக்குளத்துல தண்ணி கெடக்கா?'
தெரியாது என்றேன்.
'இங்க கெடக்கு. மறுகால் பாயுது.'